குச்சிக்கிழங்கைக் காத்த குளவிக்கு யார் பெயர் வைத்தார்கள்?

லூயிஸ் டி சாண்டிஸ் என்ற அர்ஜென்டினா நாட்டு ஆய்வாளர் 1964 இல் ஒரு சின்னஞ்சிறு குளவியை விவரித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சி, தேனும் தராது, பயிரையும் தின்னாது, அதனால் அன்றைக்கு அதைப் பெரிதாக யாரும் பேசியிருக்க மாட்டார்கள். 2022 மார்ச்சில் அதே குளவியைச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இருக்கும் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் திறந்துவிட்டார்கள், குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடுகளைக் குருத்தோடு சுருட்டிக்கொண்டிருந்த மாவுப்பூச்சியை அடக்குவதற்காக. நடுவில் 58 வருஷம் ஓடிவிட்டது, மூன்று கண்டங்கள் தாண்டியாகிவிட்டது. அர்ஜென்டினாவில் பார்த்த குளவியும் ஏத்தாப்பூரில் பறந்த குளவியும் ஒன்றுதான் என்று யாராலும் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், அன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து அதன் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்து எழுதி அச்சில் ஏற்றி வைத்ததுதான்.

“புதிய ஒட்டுண்ணிக் குளவி இனம் கண்டுபிடிப்பு” என்று அவ்வப்போது பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். படிக்கிறவர்கள் ஒரு குளவியைப் பிடித்தார்கள், பெயர் வைத்தார்கள், முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பிடிப்பதுதான் அதிலேயே எளிதான பகுதி. அதற்குப் பிறகு நடக்கும் வேலையைத்தான் ஒரு இனத்தை ‘விவரித்தல்’ என்கிறார்கள், அது என்ன, எப்படி நடக்கிறது, நம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று முடிந்தவரை எளிமையாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒட்டுண்ணிக் குளவி யார் என்று தெரிந்துகொள்வோம். குளவி என்றதும் நமக்குச் சுவரில் மண்கூடு கட்டுவதும், கொட்டினால் கை வீங்குவதும்தான் ஞாபகம் வரும். “ஏனுங்க, இது கொட்டாதுங்களா?” என்பதுதான் தோட்டத்தில் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகள் மனிதனைக் கொட்டுவதில்லை, பலவற்றைக் கொசுவைவிடச் சிறியது என்பதால் நாம் குளவி என்றே கண்டுகொள்வதும் இல்லை. பெண் குளவி தன் முட்டையை இன்னொரு பூச்சியின் உடம்புக்குள்ளோ, உடம்பின் மேலோ, அந்தப் பூச்சியின் முட்டைக்குள்ளேயோ வைக்கும். அதிலிருந்து வரும் புழு அந்தப் பூச்சியைத் தின்று வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றுவிட்டு வெளியே வரும். பேனும் உண்ணியும் நம் மேல் ஒட்டி வாழ்ந்தாலும் நம்மைக் கொல்வதில்லை, இவை கொல்லும், அதனால்தான் விவசாயத்துக்கு இவ்வளவு வேண்டப்பட்டவை.

ஆமணக்குச் செடி இருந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். இலையைத் தின்னும் காவடிப்புழு சிலவற்றின் பின்பக்கத்தில் ஒரு சிறு கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். புழு உயிரோடுதான் இருக்கும், ஆனால் மந்தமாக அப்படியே உட்கார்ந்திருக்கும், பெரிதாகத் தின்னாது. அந்தக் கூடு மைக்ரோப்ளைட்டிஸ் என்ற குளவியுடையது, காவடிப்புழுவின் உள்ளே வளர்ந்து வெளியே வந்து கட்டியது. விவரம் தெரியாதவர்கள் அதைப் புழுவின் முட்டை என்று நினைத்துப் புழுவோடு சேர்த்து நசுக்கிவிடுகிறார்கள், கூடவே நூறு காவடிப்புழுவைத் தேடிப் போகவிருந்த குளவி வம்சமும் நசுங்கிவிடுகிறது.

கரும்பு போடுகிறவர்களுக்கு இன்னொரு குளவியை அறிமுகமே செய்ய வேண்டாம். இடைக்கணுப் புழுவுக்காக இலையின் அடியில் அட்டை குத்தி வைக்கிறோமே, ‘இத்தனை சி.சி.’ என்று கணக்குச் சொல்லி வாங்குகிறோமே, அந்த அட்டையில் ஒட்டியிருப்பது நெல் அந்துப்பூச்சியின் முட்டைகள், அந்த முட்டைகளுக்குள் இருப்பது டிரைக்கோகிரம்மா கிலோனிஸ் என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி. அரை மில்லிமீட்டர் அளவுதான், வெறும் கண்ணுக்கு மேலே தூவிய தூசி தானாக நகர்கிற மாதிரிதான் தெரியும்.

சரி, பெயர் எதற்கு? ‘ஒரு சின்னக் குளவி’ என்று சொன்னால் போதாதா? நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியாது.

2008 இல் கோயம்புத்தூரில் ஒரு புது மாவுப்பூச்சி கண்ணில் பட்டது. பப்பாளியில் ஆரம்பித்து, அப்புறம் மல்பெரி, குச்சிக்கிழங்கு, பருத்தி, செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று ஒன்றையும் விடவில்லை. ஈரோடு, திருப்பூர், உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரியை இழந்தார்கள், மருந்தடித்தால் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் இலை இல்லை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்தும் அதன்மேல் சரியாக இறங்காது. அது பாராகோக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று அடையாளம் தெரிந்த பிறகுதான் வழி திறந்தது, ஏனென்றால் 1992 இலேயே வில்லியம்ஸ், கிரனாரா டி வில்லிங்க் என்ற இருவர் அதை விவரித்திருந்தார்கள், அதன் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம் என்று தெரிந்திருந்தது. சொந்த ஊர் தெரிந்தால் அங்கே அதன் எதிரி யார் என்று தேடலாம். அப்படித் தேடியதில் கிடைத்த குளவிகளில் ஒன்று அசெரோபேகஸ் பப்பாயே, அதை நாய்ஸ், ஷாஃப் என்ற இருவர் 2003 இல்தான் புதிய இனமாக விவரித்தார்கள். 2010 இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதையும் வேறு இரண்டு குளவிகளையும் பெங்களூருக்குக் கொண்டுவந்து, பெருக்கி, கோவை வேளாண் பல்கலைக்கழகம் வழியாகத் தோட்டங்களில் விட்டார்கள். மூன்றில் அசெரோபேகஸ்தான் நன்றாகப் பிடித்துக்கொண்டது, சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்க ஆரம்பித்தது. அந்த 2003 ஆம் வருஷக் கட்டுரை எழுதப்படாமல் இருந்திருந்தால், எந்தக் குளவி வேண்டும் என்று கேட்டு வாங்குவதற்கே ஒரு பெயர் இருந்திருக்காது.

வெளிநாட்டிலிருந்து குளவி கொண்டுவருவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மாவுப்பூச்சியைத் தாக்கும் குளவியைத் தாக்குவதற்கென்றே வேறு குளவிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாவுப்பூச்சியின் உடம்பிலிருந்துதான் வெளியே வரும், பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தவறிப்போய் இரண்டாவதைக் கொண்டுவந்து விட்டால் நாமே பூச்சிக்குக் காவல் போட்டது போல ஆகிவிடும். எது எது என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆளும், அந்த ஆளின் கையில் சரியான விவரிப்பும் இருந்தாக வேண்டும்.

குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சியின் கதை இதைவிட ஆழமானது. அது முதலில் நாசம் செய்தது ஆப்பிரிக்காவில், 1970களில். 1977 இல் மதீல் ஃபெரேரோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதை ஃபீனகாக்கஸ் மானிஹோட்டி என்று விவரித்தார். குச்சிக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா என்பதால் அங்கே போய்த் தேடினார்கள், தென் அமெரிக்காவின் வடபகுதியில் குச்சிக்கிழங்கில் அதே மாதிரி மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் மேல் குளவிகளும் கிடைத்தன. அந்தக் குளவிகளை ஆப்பிரிக்க மாவுப்பூச்சியின் மேல் விட்டால் வேலைக்கு ஆகவில்லை. ஏன் என்று உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது, ஆப்பிரிக்காவில் இருந்ததில் பெண்கள் மட்டுமே, ஆண் இல்லாமலே பெருகும், இதில் ஆணும் உண்டு. 1981 இல் இதற்கு ஃபீனகாக்கஸ் ஹெரனி என்று தனிப் பெயர் வைத்தார்கள். தேடும் இடத்தை மாற்றி, அதே 1981 இல் பராகுவேயில் சரியான மாவுப்பூச்சியையும் அதன் எதிரியான அந்தக் குளவியையும் கண்டுபிடித்தார்கள், அதுதான் டி சாண்டிஸ் 1964 இல் எழுதி வைத்திருந்தது. ஆப்பிரிக்காவில் அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020 இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, அப்புறம் சேலம், நாமக்கல் பக்கம் பரவியபோது, நாம் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கவில்லை. பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்தார்கள். ஒரு மாவுப்பூச்சிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள நுணுக்கமான வித்தியாசத்தில் ஜவ்வரிசி ஆலை ஓடுமா நிற்குமா என்பது தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், இந்த வேலையைச் சும்மா பெயர் சூட்டும் விழா என்று எப்படிச் சொல்வது?

‘புதிய இனம்’ என்றால் நேற்று உருவான இனம் என்று அர்த்தமில்லை. லட்சக்கணக்கான வருஷங்களாக அது இருந்திருக்கும், உங்கள் பாட்டியின் அவரைப் பந்தலிலேயே இருந்திருக்கும். இதுவரை யாரும் அதை வேறு இனங்களோடு ஒப்பிட்டு, தனி என்று நிறுவி, பெயரோடு அச்சிடவில்லை என்பதுதான் பொருள். அதற்கான படிகள் பிடிப்பதில் ஆரம்பிக்கின்றன.

பிடிக்கும் முறைகளில் மிகவும் எளியது மஞ்சள் தட்டு. ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டு, வரப்போரமாக வைத்துவிட்டால் போதும், மஞ்சள் நிறத்துக்கு வரும் பூச்சிகள் விழுந்து மூழ்கிவிடும். கூடாரம் மாதிரி வலைத்துணி கட்டி, மோதும் பூச்சிகள் மேலே ஏறிப் போய் ஒரு ஆல்கஹால் பாட்டிலில் விழும்படி செய்வது இன்னொன்று, 1930களில் ரெனே மலேஸ் என்ற சுவீடன்காரர் உருவாக்கியதால் மலேஸ் பொறி என்றே பெயர். வலையால் புல்லை வீசி எடுப்பதும் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட மதிப்பானது வளர்த்து எடுப்பது. ஒரு புழுவையோ முட்டையையோ கொண்டுவந்து டப்பாவில் வைத்துக் காத்திருந்தால், அதிலிருந்து வெளியே வரும் குளவி எதைத் தாக்குகிறது என்ற செய்தியையும் கூடவே கொண்டுவருகிறது. தட்டில் விழுந்த குளவி என்ன தின்று வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிடித்ததை ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள். வெளியே எடுத்து அப்படியே காயவிட்டால் உடம்பு சுருங்கி, கண் உள்ளே போய், ஒன்றும் தெரியாமல் போய்விடும், அதனால் சில ரசாயனங்கள் வழியாகப் பக்குவமாக உலர்த்தி, முக்கோணமாக வெட்டிய சிறு அட்டையின் நுனியில் பசை வைத்து ஒட்டுவார்கள். மிகச் சிறியவற்றைக் கண்ணாடித் தகட்டில் கனடா பால்சம் என்ற பிசினில் பதிப்பார்கள், சிறகைத் தனியாக, உணர்கொம்பைத் தனியாக. மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும் ஒரு உடம்பின் சிறகை ஊசிமுனையால் கழற்றுகிற வேலை இது, கை நடுங்கினால் பிடித்துவந்த அந்த மாதிரிப் பூச்சியே போச்சு.

அப்புறம் பார்ப்பது. எங்கே ஆரம்பிப்பது? பல சமயம் காலில். குளவியின் பாதம் சிறு சிறு கணுக்களால் ஆனது. மூன்று கணு இருந்தால் அது டிரைக்கோகிரம்மாவின் குடும்பம், நான்கு என்றால் பெரும்பாலும் யூலோஃபிட் குடும்பம், ஐந்து என்றால் மாவுப்பூச்சிக் குளவிகளின் என்சிர்ட்டிட் குடும்பம் உட்பட வேறு பல. கணுவை எண்ணிய உடனே பல்லாயிரம் இனங்கள் கணக்கிலிருந்து விலகிவிடும். அடுத்து உணர்கொம்பில் எத்தனை துண்டு, நுனித்துண்டு தடித்திருக்கிறதா, முன்சிறகின் நரம்பு எப்படி ஓடுகிறது, சிறகின் மேல் மயிர் வரிசையா பரவலா, முதுகுத் தட்டு வழுவழுப்பா சொரசொரப்பா, முட்டையிடும் ஊசி பின்காலோடு ஒப்பிட்டால் எவ்வளவு நீளம். ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், டிரைக்கோகிரம்மாவில் ஆணின் உணர்கொம்பில் நீள நீளமாக மயிர் இருக்கும், பெண்ணுக்கு நுனி குண்டாக இருக்கும், தெரியாதவர் இரண்டையும் இரண்டு இனம் என்றே சொல்லிவிடுவார்.

உடம்பின் நீளத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய முட்டையில் வளர்ந்த குளவி பெரிதாகவும், சிறு முட்டையில் வளர்ந்தது சிறிதாகவும் வரும், இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகளாகவே இருக்கலாம். அதனால்தான் விவரிப்புகளில் ‘தலையின் அகலம் நீளத்தைப் போல இத்தனை மடங்கு’ என்று விகிதங்களாக எழுதுகிறார்கள்.

பார்த்து முடித்த பிறகுதான் கடினமான கட்டம். இது ஏற்கெனவே யாரோ பெயர் வைத்ததா என்று தேட வேண்டும். உலகம் முழுக்க அந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில், இதுவரை விவரிக்கப்பட்ட அத்தனை சிற்றினங்களையும் ஒப்பிட வேண்டும், பேரினம் பெரிதாக இருந்தால் நூற்றுக்கணக்கில் இருக்கும், நூறு வருஷம் பழைய கட்டுரைகளாகவும் இருக்கும். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள், ரோவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1921 இலேயே கோயம்புத்தூரிலிருந்து கிடைத்த புதிய குளவிகளை விவரித்துக் கட்டுரை போட்டுவிட்டார். அதில் ஒன்றின் பெயர் டெட்ராஸ்டிகஸ் கோயம்பத்தூரென்சிஸ். சோளம் பூக்கும்போது மணி பிடிக்காமல் கெடுக்குமே ஒரு சின்ன ஈ, அதைத் தாக்கும் குளவி இது. பின்னால் வந்தவர்கள் அதை அப்ரோஸ்டோசீட்டஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள், அதனால் இன்றைக்கு அப்ரோஸ்டோசீட்டஸ் கோயம்பத்தூரென்சிஸ் (ரோவர்) என்று எழுதுகிறோம். ஆய்வாளர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் முதலில் வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு இடம் மாறியது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

கோவை என்றதும் பி. சூசை நாதனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கோவையிலும் ஆனைமலையின் சின்கோனா பகுதியிலும் இன்னும் பல இடங்களிலும் பல பத்தாண்டுகள் பூச்சி பிடித்து, ஊர், உயரம், மாதம், வருஷம் எல்லாம் எழுதிய லேபிளோடு வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவர். அவர் அனுப்பியவற்றில் எத்தனையோ புது இனங்கள் கிடைத்தன, அவர் நினைவாக ‘நாதானி’ என்று முடியும் பெயருள்ள பூச்சிகள் பல இருக்கின்றன. கோவையில் அவரைத் தெரிந்தவர்களைவிட, உலகத்தில் லேபிள் படிக்கிறவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் அதிகம், அது எனக்கு வருத்தமான விஷயம்தான்.

ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி இனம்தான் என்று உறுதியானதும், கையில் இருக்கும் மாதிரிகளில் ஒரே ஒரு குளவியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதுதான் ஹோலோடைப். இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் அளவுக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். வரப்பு நகரும், வேலி நகரும், பங்காளிகள் ஆளுக்கொரு எல்லை சொல்வார்கள், கடைசியில் கல் எங்கே நட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் தகராறு தீரும். நாளைக்கு யாராவது ‘இந்தப் பெயர் எந்தக் குளவிக்குரியது’ என்று சண்டை போட்டால், எழுத்தில் இருப்பதைக்கூட விட்டுவிட்டு, அந்த ஒற்றை உடம்பை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். கூட இருந்த மற்ற மாதிரிகளைப் பாராடைப் என்பார்கள், இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு வரும் என்று காட்ட அவை உதவும்.

இதற்கெல்லாம் உலகப் பொது விதிநூல் ஒன்று இருக்கிறது, விலங்குப் பெயரீட்டுக்கான சர்வதேச விதிகள். லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட புத்தகத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, அதற்குப் பின் முதலில் முறைப்படி வந்த பெயருக்கே முன்னுரிமை என்கிறது அது. 2000 ஆம் ஆண்டு முதல் வெளியாகும் புதிய இனங்களுக்கு ஹோலோடைப் எது, எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்று கட்டுரையிலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. நம் நாட்டில் 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் புதிதாகக் கண்டுபிடித்த உயிரினத்தின் மாதிரியை அரசு அங்கீகரித்த காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் கூடாது, ஏனென்றால் அது இனி உலகத்துக்கே பொதுச் சொத்து.

பெயர் வைப்பதில் நிறைய சுதந்திரம் உண்டு. ஊர்ப் பெயர் வைக்கலாம், பிடித்தவர் பெயர் வைக்கலாம், தாக்கும் பூச்சியோ செடியோ நினைவுக்கு வரும்படி வைக்கலாம், உடம்பின் ஒரு அடையாளத்தை வைக்கலாம். ஈக்வடாரில் ஒரு குளவி தாக்கிய புழு வயிற்றை வளைத்து நெளிந்ததால், பாடகி ஷகீராவின் ஆட்டத்தை நினைத்து 2014 இல் அலெயோடிஸ் ஷகீரே என்று வைத்தார்கள். தன் பெயரையே வைக்கக் கூடாது என்று விதி தடுக்கவில்லை, ஆனால் அப்படிச் செய்வதை யாரும் மதிப்பதில்லை. பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும், விவரிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, பரவலாகப் படிக்கப்படும் மொழியில் எழுதுங்கள் என்ற பரிந்துரை மட்டும்தான்.

சில நேரம் எல்லாம் சரியாகச் செய்தும், அதே குளவிக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது என்று பிறகு தெரியவரும். 2000களின் நடுவில் பருத்தியைப் பாழாக்கிய மாவுப்பூச்சி ஒன்று ஞாபகம் இருக்கலாம். அதைத் தாக்கும் ஒரு குளவி நம் நாட்டில் கிடைத்தது, 2009 இல் அதை அனேசியஸ் பம்பாவாலே என்று புதிய இனமாக விவரித்தார்கள். 2014 இல் வேறு ஆய்வாளர்கள் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, 1915 இலேயே ஜிரோ என்பவர் அமெரிக்க மாதிரியைப் பார்த்து அரிசோனென்சிஸ் என்று பெயர் வைத்த குளவிதான் இது என்று தெரிந்தது. முன்னுரிமை விதிப்படி பழைய பெயர்தான் நின்றது. இதைத் தோல்வி என்று நான் பார்ப்பதில்லை. அந்த மாவுப்பூச்சியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஆக அதன் எதிரியும் பின்னாலேயே யாரும் கூப்பிடாமல் வந்து சேர்ந்திருக்கிறது என்ற செய்தி அந்த ஒப்பீட்டால்தான் கிடைத்தது.

கரும்புக்கு விடும் டிரைக்கோகிரம்மாவும் இந்தியாவில் நீண்ட காலம் ஆஸ்ட்ரேலிகம் என்ற தவறான பெயரில்தான் புழங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பேரினத்தின் இனங்களைப் பிரிக்கவே முடியாது. பெங்களூரில் வேலை செய்த சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும், ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைத் தகட்டில் வைத்துப் பார்த்தால் இனங்களைத் தெளிவாகப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். அரை மில்லிமீட்டர் உடம்புக்குள் இருக்கும் ஒரு உறுப்பு, உலகம் முழுக்க டிரைக்கோகிரம்மா படிக்கிறவர்கள் அப்புறம் அதைத்தான் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இப்போது டி.என்.ஏ. வந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்து இனத்தைப் பிரிக்கும் முறையை 2003 இல் பால் ஹெபர்ட்டும் கூட இருந்தவர்களும் முன்வைத்தார்கள், பார்கோடு என்று சொல்கிறார்கள். ஒரே இனம் என்று நினைத்தது பல இனங்களாகப் பிரிந்த கதைகள் இதனால் நிறைய. 2021 இல் கோஸ்டா ரிக்காவிலிருந்து 403 குளவி இனங்களை ஒரே கட்டுரையில், பெரும்பாலும் பார்கோடும் ஒரு படமும் மட்டும் வைத்துப் பெயரிட்டார்கள், அதையொட்டிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. வேகம் வேண்டும் என்பது ஒரு பக்கம், உடம்பைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாத விவரிப்பை யார் பயன்படுத்துவது என்பது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன். கோபியில் ஒரு வேளாண் மாணவரிடம் சாதாரண நுண்ணோக்கி மட்டும்தான் இருக்கும், அவர் பார்த்து அடையாளம் காண முடிகிற ஒரு விவரிப்பு வேண்டும். டி.என்.ஏ.வும் இருக்கட்டும், உடம்பும் எழுதப்படட்டும்.

வேகம் தேவை என்பதையும் மறுக்க முடியாது. பிடித்த நாளிலிருந்து பெயர் அச்சாகும் நாள் வரை ஒரு புதிய உயிரினம் சராசரியாக 21 வருஷம் அலமாரியில் காத்திருக்கிறது என்று 2012 இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. குளவி, எறும்பு, தேனீ எல்லாம் சேர்ந்த வரிசையில் இதுவரை ஒன்றரை லட்சம் இனங்களுக்குமேல் பெயரிட்டிருக்கிறார்கள், ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு பூச்சிக்கும் அதற்கே உரிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்றாவது இருக்கும் என்று கணக்குப் போட்டால், வண்டுகளைவிடவும் இந்த வரிசையே பெரியதாக இருக்கும் என்று 2018 இல் ஒரு குழு வாதிட்டது. அப்படியானால் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலியிலும், ஆழியாறு ஓரத்துத் தென்னையிலும், வால்பாறை ஏறும் வழியில் உள்ள சோலையிலும் பெயர் இல்லாத குளவிகள் இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொள்ளாச்சித் தென்னையில் 2016 இல் சுருள் வெள்ளை ஈ வந்ததை இங்கே மறக்க முடியாது. அதைத் தாக்கும் என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவி ஏற்கெனவே நம் மண்ணில் இருந்தது, அதை அடையாளம் கண்டு சொல்ல ஆள் இருந்ததால்தான் ‘கண்டபடி மருந்தடிக்காதீர்கள், குளவி செத்துவிடும், ஒட்டுண்ணி உள்ள ஓலைத் துண்டைக் கொண்டுபோய் மற்ற மரத்தில் வையுங்கள்’ என்று ஆலோசனை சொல்ல முடிந்தது. ஓலையின் அடியில் ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம், வெள்ளை ஈயின் கூட்டுப்புழு ஓட்டில் ஆங்கில ‘T’ எழுத்துபோலக் கீறல் இருந்தால் ஈ வெளியே போயிருக்கிறது, வட்டமாகச் சுத்தமான ஓட்டை இருந்தால் குளவி வெளியே வந்திருக்கிறது.

புது இனத்தை விவரிக்கப் படிப்பும் வருஷக்கணக்கான பயிற்சியும் வேண்டும், ஆனால் அதற்கான மாதிரியை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். செடியில் மந்தமாக இருக்கும் ஒரு புழுவை அதே செடியின் இலையோடு ஒரு டப்பாவில் போட்டு, மூடிக்குப் பதிலாக மெல்லிய துணி கட்டி நிழலில் வையுங்கள். இலை வாடினால் மாற்றுங்கள், ஈரம் தேங்கவிடாதீர்கள், பூஞ்சணம் பிடித்தால் உள்ளே இருக்கிற குளவியும் போய்விடும். ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ பட்டாம்பூச்சிக்கோ அந்துக்கோ பதிலாகக் குளவி வந்தால், அதையும் புழுவின் மிச்சத் தோலையும் சேர்த்தே ஆல்கஹாலில் போட்டு வையுங்கள், தோலைத் தூக்கி எறிந்துவிட்டால் எதிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம், 2018 இல் திறந்த பூச்சி அருங்காட்சியகமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது, போனால் அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். பாட்டிலுக்குள் போடும் துண்டுச் சீட்டில் ஊர், வட்டம், தேதி, செடி, புழு, உங்கள் பெயர் இத்தனையும் இருக்க வேண்டும், பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.